பூசி மூடுவதற்கு முன்: வீடு புதுப்பிப்போர் கேள்வி பதில்

கேள்வி: எங்களுடையது சிறிய ஊர். கொத்தனார், பிளம்பர், எலக்ட்ரீஷியன் மூவரும் சேர்ந்தாற்போல் கிடைப்பதில்லை. வருகிறவரை வைத்து வேலையை நகர்த்திக்கொண்டே போகலாமா?

பதில்: பூச்சு வேலை வரைக்கும் போகலாம். பூச்சுக்கு முன்னால் மட்டும் நின்றுவிட வேண்டும். எலக்ட்ரீஷியன் வர நான்கு நாளாகும் என்று கொத்தனாரைப் பூசச் சொல்லிவிட்டால், புதுச் சுவரையே மறுபடி உடைக்க வேண்டிவரும். ஒட்டுப்போட்ட அந்தக் கோடு பிறகு எத்தனை கோட் அடித்தாலும் தெரியும். காத்திருக்கும் நாட்களில் கொத்தனாருக்கு மொட்டை மாடி விரிசலையோ சுற்றுச்சுவரையோ கொடுங்கள்.

பைப் பதிக்கச் சுவரில் காடி, அதாவது நீளப் பள்ளம், வெட்டும்போது கூடவே நில்லுங்கள். மேலிருந்து கீழாக ஓடும் காடி சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆழம் போகக் கூடாது. படுக்கைவாட்டில் ஓடுவது ஆறில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. 230 மி.மீ. சுவரில் இது முறையே 75 மி.மீ., 38 மி.மீ. அரைக்கல் சுவர் என்றால் கனமே 115 மி.மீ.தான், படுக்கைக் காடிக்கு 19 மி.மீ.தான் கிடைக்கும். 25 மி.மீ. பைப் அதற்குள் அடங்காது. தரை வழியாகவோ கூரை ஓரமாகவோ கொண்டுபோய், தேவையான இடத்தில் நேராகக் கீழே இறக்குங்கள். தூண், பீம் பக்கம் உளியே போகக் கூடாது.

தண்ணீர்க் குழாய்களின் எல்லா வாயையும் அடைத்து, கைப்பம்பால் வழக்கமான அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஏற்றிச் சில மணி நேரம் விடச் சொல்லுங்கள். பம்பில் அழுத்தம் காட்டும் முள் இறங்கினால் எங்கோ இணைப்பு கசிகிறது. இணைப்புப் பசை போட்டு ஒரு நாளாவது ஆறிய பிறகே இதைச் செய்ய வேண்டும். அடுத்து, அளவு டேப்பைச் சுவரோடு வைத்து ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து வருடம் கழித்து அலமாரி மாட்டத் துளை போடும்போது அந்தப் படம் இல்லாமல் கை வைக்க முடியாது.

கான்கிரீட்டும் செங்கல்லும் சேரும் இடங்களில் ஒரு அடி அகலத்துக்குக் கோழிவலை அடித்துவிட்டுப் பூசினால், அந்தக் கோட்டில் பின்னால் விரிசல் ஓடுவது குறையும். பூசிய சுவரை ஏழு நாளாவது ஈரம் காயாமல் நனைக்க வேண்டும். ஆள் வராத நாளில் அதை வீட்டார்தான் செய்தாக வேண்டும்.

கேள்வி: வீட்டில் இரண்டு வயதுக் குழந்தையும் வயதான மாமியாரும் இருக்கிறார்கள். வேலை முடியும்வரை வேறு வீட்டுக்குப் போக வசதியில்லை. தூசியை எப்படிச் சமாளிப்பது?

பதில்: கண்ணில் படும் தூசி தரையில் படிந்துவிடும், துடைத்தால் போய்விடும். டைல்ஸ் வெட்டும்போதும் கான்கிரீட்டைத் துளைக்கும்போதும் கிளம்பும் சிலிகா தூள் அப்படியல்ல. அதன் நுண்துகள் மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும், நுரையீரலின் அடிவரை இறங்கும். வேலையிடங்களில் சுவாசிக்கப்படும் இந்தப் படிக சிலிகாவை, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1997இல் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. உங்கள் வீட்டாருக்குச் சில வாரப் பிரச்சினை. வேலை செய்பவர்களுக்கு இது தினசரி. அவர்களுக்கும் சேர்த்தே யோசியுங்கள்.

வெட்டும் வேலை முழுவதையும் வீட்டுக்கு வெளியே வைத்து, பிளேடின் மேல் தண்ணீர் சொட்டும்படி செய்யச் சொல்லுங்கள். மெல்லிய செராமிக் டைல்ஸைக் கீறி உடைக்கும் கைக் கட்டரே போதும், தூசியே கிளம்பாது. துணி முகக்கவசம் இந்தத் தூளைத் தடுக்காது. என்95 வேண்டும், அதுவும் மூக்கோரம் இடைவெளி இல்லாமல் ஒட்டியிருக்க வேண்டும்.

வேலை நடக்கும் அறையின் வாசலில் கனமான பாலித்தீன் ஷீட்டை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டுங்கள், தரையோடும் சேர்த்து. நடுவில் ஆள் நுழைய நெடுக ஒரு கீறல் போட்டு, அதன் மேல் இன்னொரு ஷீட்டை மேல் விளிம்பில் மட்டும் ஒட்டித் திரைபோல் தொங்கவிடுங்கள். அந்த அறையின் ஜன்னலில் காற்று வெளியே போகும்படி ஒரு ஃபேனை வைத்து, மிச்ச இடைவெளியை அட்டையால் அடைத்துவிடுங்கள். அப்போது வீட்டுக் காற்று அறைக்குள் போகுமே தவிர, அறைத் தூசி வீட்டுக்குள் வராது. இதைவிடப் பலன் தரும் ஏற்பாடு எங்களுக்குத் தெரிந்து இல்லை.

மாலையில் வேலை முடிந்ததும் விளக்குமாற்றை எடுக்காதீர்கள். உலர்ந்த தரையைப் பெருக்கினால் படிந்தது மறுபடி காற்றில் ஏறும். தண்ணீர் தெளித்து, ஈரத் துணியால் வழித்தெடுங்கள். மிக நுண்ணிய துகளையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் இல்லாத சாதாரண வேக்குவம் கிளீனர் நுண்தூளைப் பின்பக்கமாக வெளியே ஊதிவிடும், அதுவும் வேண்டாம்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பழைய கதவு, ஜன்னல், கிரில்லில் இருக்கும் எண்ணெய்ப் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். உடலுக்குக் கேடில்லாத ஈய அளவு என்று எதுவும் அறியப்படவில்லை. தவழ்ந்து, கையை வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைக்குத்தான் ஆபத்து அதிகம். அந்தப் பெயின்ட்டை உலர்வாகத் தேய்க்கவும் கூடாது, நெருப்பு காட்டி உரிக்கவும் கூடாது. கீழே ஷீட் விரித்து, தண்ணீர் தொட்ட உப்புத்தாளால் தேய்த்து, உதிர்ந்ததை ஷீட்டோடு சுருட்டி அப்புறப்படுத்துங்கள். அந்த ஓரிரு நாட்களுக்காவது குழந்தையை உறவினர் வீட்டில் விடுங்கள்.

கேள்வி: மாடிக் குளியலறைக்குக் கீழே உள்ள கூரையில் ஈரம். கீழிருந்தே வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்தால் நின்றுவிடும் என்கிறார் பெயின்டர்.

பதில்: நிற்காது. தண்ணீர் மேலே தேங்கி, கம்பியைத் துருப்பிடிக்க வைத்து, ஒருநாள் பூச்சோடு பெயர்ந்து விழும். முதலில் மூலத்தைப் பாருங்கள். யாரும் குளிக்காத இரண்டு மூன்று நாளிலும் ஈரம் கூடிக்கொண்டே போனால், எப்போதும் அழுத்தத்தில் இருக்கும் வரத்துக் குழாயைச் சந்தேகப்படுங்கள். குளித்த பிறகு மட்டும் கூடினால் தரை, அல்லது தண்ணீர் வெளியேறும் ட்ராப்பின் இணைப்பு.

தரைதான் என்றால் டைல்ஸை எடுத்தே ஆக வேண்டும். பழைய டைல்ஸ் மேலேயே புதியதை ஒட்டுவது இங்கே உதவாது. தரை 15, 20 மி.மீ. உயர்ந்து கதவும் இடிக்கும். கான்கிரீட் வரை சுத்தம் செய்து, சுவரும் தரையும் சேரும் மூலையைக் கலவையால் வளைவாக உருட்டி, வாட்டர்ப்ரூஃப் பூச்சை ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு கோட் அடிக்க வேண்டும். சுவரில் ஒரு அடி உயரம் வரை ஏற்றுங்கள். ஷவர் பக்கம் ஆளுயரத்துக்கு. குழாய்கள் கான்கிரீட்டைத் துளைத்து இறங்கும் இடங்களில்தான் பெரும்பாலும் ஒழுகும், அங்கே ஃபைபர் வலை வைத்து அதன் மேல் பூச்சை அடியுங்கள்.

பூச்சு காய்ந்ததும் ட்ராப் வாயை அடைத்து, 25 மி.மீ. தண்ணீர் கட்டி, மட்டத்தைப் பென்சிலால் குறித்து 48 மணி நேரம் விடுங்கள். கீழே போய்ப் பாருங்கள். அது தேறாமல் ஒரு டைல்கூட வைக்க விடாதீர்கள். தரைக்கு வாட்டம் மீட்டருக்கு 10 முதல் 12 மி.மீ. வேண்டும். எல்லாம் சேர்ந்து பத்து நாளுக்குக் குறையாமல் அறை பூட்டியே கிடக்கும். வீட்டில் அது ஒன்றுதான் குளியலறை என்றால் மாற்று ஏற்பாட்டை முடித்துவிட்டு உளியை எடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: புதிதாகப் போட்ட விட்ரிஃபைடு டைல்ஸ் சில இடங்களில் தட்டினால் 'டொக் டொக்' என்று வெற்றொலி கேட்கிறது. விட்டுவிடலாமா?

பதில்: நான்கு மூலையிலும் நடுவிலும் ஐந்து உருண்டை கலவை வைத்து அழுத்தியிருப்பார்கள். இடையில் காற்று நிற்கிறது. கனமான பொருள் விழுந்தால் அந்த இடம்தான் முதலில் உடையும். நடமாட்டம் இல்லாத மூலையில், டைல் ஓரத்தில் சின்ன இடத்தில் மட்டும் கேட்டால் விட்டுவிடலாம். வாசலிலும் நடுக்கூடத்திலும் கேட்டால் மாற்றச் சொல்லுங்கள். விட்ரிஃபைடு தண்ணீரை உறிஞ்சாது. சிமென்ட் பால் அதில் பிடிக்காது. டைல்ஸ் அட்ஹெசிவைப் பல் வைத்த கரணையால் தரை முழுக்கக் கீறிப் பரப்பி வைக்க வேண்டும். மிச்சமுள்ள அறைகளில், வைத்த உடனே ஒரு டைலைப் பெயர்த்துப் பின்புறம் முழுக்க ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: தெருவில் இடமில்லை. மணலை மொட்டை மாடியில் கொட்டி வைக்கலாமா?

பதில்: வேண்டாம். ஒரு கன மீட்டர் மணல் சுமார் 1,600 கிலோ. அரை மீட்டர் உயரத்துக்குக் குவித்தாலே சதுர மீட்டருக்கு 800 கிலோ அழுத்தும். வீட்டுக் கூரையில் ஆட்களும் பொருட்களும் என்று கணக்கில் எடுப்பது பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ அளவுதான். மழையில் நனைந்தால் பாரம் இன்னும் ஏறும். இடித்த கழிவுக்கும் டைல்ஸ் பெட்டிகளுக்கும் இதே கணக்குதான். அன்றைக்குத் தேவையானதை மட்டும் மேலே ஏற்றுங்கள்.

கேள்வி: பூசி இரண்டு வாரத்தில் பெயின்ட் அடித்தோம். ஒரே மாதத்தில் கொப்புளம் விட்டு, வெள்ளையாக உப்பு பூக்கிறது. பெயின்ட் மட்டமானதா?

பதில்: பெயின்ட் மேல் குற்றம் இருக்காது. புதுப் பூச்சுக்கு 28 நாளாவது கொடுத்திருக்க வேண்டும். இப்போது தளர்ந்ததைச் சுரண்டி, உப்பை உலர்ந்த பிரஷால் துடைத்தெடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். பிறகு ஒரு அடிக்கு ஒரு அடி பிளாஸ்டிக் துண்டை நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் சுவர் இன்னும் ஈரம். ஜன்னலைத் திறந்துவைத்துக் காத்திருங்கள். இன்னும் ஒரு மாதம் கழித்தும் வியர்த்தால், குறிப்பாகத் தரையிலிருந்து இரண்டு மூன்று அடிக்குள் மட்டும் வியர்த்தால், அது அடித்தளத்திலிருந்து ஏறும் ஓதம். அதைச் சரிசெய்யாமல், பெயின்ட்டுக்கு முன் சுவரைச் சமமாக்கும் பட்டி வேலைக்கு ஆளைக் கூப்பிடாதீர்கள்.