பேசும் படம் வந்ததும் சுலோச்சனாவின் நடிப்பு வாழ்க்கை என்ன ஆனது?

மௌனப்பட நாயகி சுலோச்சனாவைப் பேசும் படம் வீழ்த்திவிட்டதா என்ற கேள்விக்கு, உடனடியாக வீழ்த்தவில்லை என்பதே சரியான பதில். ரூபி மையர்ஸ் என்ற இயற்பெயர் கொண்ட இவர், புனேயில் யூதக் குடும்பத்தில் பிறந்து, தொலைபேசி இணைப்பகத்தில் பணியாற்றிய பின் திரைக்கு வந்து, 1920களின் இறுதியில் பம்பாயின் இம்பீரியல் நிறுவனத்தில் மிக அதிக ஊதியம் பெறும் நட்சத்திரமாக உயர்ந்தார்.

அதே நிறுவனம் 1931 மார்ச்சில் இந்தியாவின் முதல் பேசும் படமான ‘ஆலம் ஆரா’வை வெளியிட்டபோது, நாயகி வேடம் சுபைதாவுக்குச் சென்றது. சுலோச்சனாவுக்கு இந்துஸ்தானி சரளமாக வராது. மௌனப்படத்தில் ஒரு பொருட்டாகவே இல்லாத இக்குறை, ஒலிவாங்கியின் முன் தொழிலையே முடக்கக்கூடியதாக மாறியது. அவர் சிறிது காலம் ஒதுங்கியிருந்து மொழியைக் கற்று, 1932இல் தம் பழைய வெற்றிப்படமான ‘மாதுரி’யின் பேசும் வடிவத்தில் திரும்பி வந்தார். தொடர்ந்து ‘அனார்கலி’ உள்ளிட்ட தம் மௌனப்படங்கள் சிலவற்றை, பெரும்பாலும் நடிகர் டி. பில்லிமோரியாவுடன் இணைந்து, மீண்டும் பேசும் படங்களாக நடித்தார்.

இந்த உத்தியிலேயே அதன் எல்லையும் இருந்தது என்பது என் கருத்து. பழைய வெற்றிகளைத் திரும்ப எடுப்பதற்கு ஓர் அளவு உண்டு, பாடத் தெரிந்த புதிய நடிகையரோ வந்துகொண்டே இருந்தனர். 1930களின் இறுதிக்குள் வாய்ப்புகள் அருகின. 1953இல் வெளியான ‘அனார்கலி’யில் அவருக்குக் கிடைத்தது நாயகன் சலீமின் தாய் வேடம். இந்தியத் திரைத்துறையின் உயரிய விருதான தாதாசாகெப் பால்கே விருது அவருக்கு 1973ஆம் ஆண்டுக்குத்தான் வழங்கப்பட்டது.