செஞ்சியில் ஏன் ட்ரோன் இல்லை? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

உங்கள் செஞ்சிக் கோட்டை ஆவணப்படத்தைப் பார்த்தேன். அங்கிருக்கும் மூன்று மலைகளில் ஒன்றான ராஜகிரி ஏறுவதையே ஏழு நிமிடம் காட்டுகிறீர்கள். படி, வாசல், மறுபடி படி. இப்போது கல்யாண வீட்டிலேயே ட்ரோன் பறக்கிறது. அதை மேலே விட்டிருந்தால் மூன்று மலையும் ஒரே ஷாட்டில் வந்திருக்குமே? இன்னொன்று. படப்பிடிப்புக்குப் போகிறவர்களால்தான் கோட்டை பாழாகிறது என்கிறார் என் அப்பா. உண்மையா?

ஒரு வாசகி, ஆரணி

அன்புள்ள சகோதரி,

தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடத்தில் ட்ரோனுக்குத் தனி அனுமதி வேண்டும். நாங்கள் கேட்கவே இல்லை. கையில் அனுமதி இருந்திருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன். காரணம் அன்றைய நாளில்தான் இருக்கிறது.

எங்களுக்கு ஒரே நாள் படப்பிடிப்பு. எட்டுப் பேர், ஒரு டெம்போ. திண்டிவனத்தில் தங்கி, இருட்டோடு கிளம்பினோம். காலை வெயில் மலையடிவாரத்தில் இருக்கும் கல்யாண மகால் மேல் நேராக விழும். மாலையில் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். அதனால் கீழே எடுக்க வேண்டியதை முதலில் முடித்துவிட்டு மேலே போகலாம் என்று முடிவு செய்தேன். அது தப்பு. ஏற ஆரம்பிக்கும்போது மணி பத்தரை. பாறை சுடத் தொடங்கியிருந்தது.

லென்ஸ் பெட்டியும் தண்ணீர்க் கேனும் தூக்க உள்ளூர்க்காரர்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். எங்கள் கேமரா அசிஸ்டென்ட் ட்ரைபாடை முதுகில் கட்டிக்கொண்டு ஏறுவதைப் பார்த்துவிட்டு, அவர்களில் பெரியவர் நிறுத்தினார். "முதுகுல வச்சா படி உன்னைப் பின்னால இழுக்கும் தம்பி, தலையில வை" என்றார். தலைக்கு மாற்றியதும் பையன் நிமிர்ந்து நடந்தான். அங்கே படிகள் ஒரே உயரத்தில் இல்லை. ஒன்று அரை அடி, அடுத்தது முட்டி வரைக்கும். ஒரு சீராகக் கால் வைக்கவே முடியாது. ஒவ்வொரு வாசலிலும் வழி திரும்புகிறது. எதிரி ஓடி வந்து வாசலில் மோத இடமே இருக்காது.

மேலே நெருங்கும்போது பாறை பிளந்து கிடக்கிறது. சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். இப்போது அங்கே பாலம் இருக்கிறது. கோட்டையில் படை இருந்த காலத்தில் அது வேண்டும்போது எடுத்துவிடக்கூடிய பாலம். வர்ணனை பேச வேண்டிய நண்பர் அந்த இடத்தில் நின்று பேசத் தொடங்கினார். மூன்று டேக் போனது. மூன்றிலும் மூச்சு வாங்கியது, வார்த்தைகள் உடைந்தன. காற்று வேறு மைக்கில் அடித்தது. சவுண்ட் பார்த்தவர் மட்டும், "சார், இந்த மூச்சை அழிச்சுடாதீங்க" என்றார். எடிட்டிங்கில் உட்கார்ந்தபோதுதான் அவர் சொன்னது புரிந்தது.

1690இல் மொகலாயப் படை செஞ்சியைச் சுற்றி வளைத்தது. உள்ளே சிவாஜியின் மகன் ராஜாராம். கோட்டை மொகலாயர் கைக்கு வந்தது 1698இல். ராஜாராம் அதற்குள் தப்பிப் போய்விட்டார். எட்டு வருடம் ஒரு படையைக் கீழேயே நிறுத்தியதில் சுவருக்குப் பங்கு உண்டு, பீரங்கிக்கும் உண்டு. ஆனால் ஆயுதத்தோடு ஏறி வருகிறவன் மேலே வரும்போது மூச்சு இல்லாமல் வரவேண்டும் என்று யோசித்துத்தான் அந்தப் பாதையை வெட்டியிருக்கிறார்கள். ட்ரோனில் இருந்து பார்த்தால் 60 அடிப் பள்ளம் ஒரு கோடு. அந்தப் படம் அழகாக இருக்கும், செஞ்சியாக இருக்காது. (இதே கோட்டையை 1750இல் பிரெஞ்சுக்காரர்கள் ஒரே இரவில் பிடித்தார்கள். ஏறுவது கஷ்டம் என்பது மட்டும் போதாது, மேலே காவலுக்குத் தயாராக ஆளும் வேண்டும். அதைப் படத்தில் சேர்க்காமல் விட்டது என் குறை.)

உங்கள் அப்பா சொன்னதற்கு வருகிறேன். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட சின்னங்களுக்கான 1959ஆம் ஆண்டு விதிகளில், அனுமதித்த இடம் தவிர வேறெங்கும் சமைக்கவோ சாப்பிடவோ கூடாது என்றே இருக்கிறது. நாங்கள் சாப்பாட்டை வெளியே வைத்துக்கொண்டோம். அப்படியும் ஒரு தவறு நடந்தது. கல்யாண மகாலில் நண்பர் நிற்க வேண்டிய இடத்துக்கு அடையாளமாக எங்கள் ஆள் ஒருவர் தரையோரச் சுவரில் டேப் ஒட்டினார். உரித்தபோது பழைய சுண்ணாம்புப் பூச்சு நக அளவு கூடவே வந்துவிட்டது. காவலரிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை, அந்த இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து பேசாமல் உட்கார்ந்துவிட்டார். அதை நினைத்தால் இன்றும் வருத்தமாகத்தான் இருக்கிறது. அப்புறம் எந்தப் பழைய கட்டடத்திலும் டேப்பை வெளியே எடுப்பதில்லை, கூழாங்கல் வைத்துத்தான் அடையாளம். 2025இல் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். அதில் தமிழ்நாட்டிலிருந்து செஞ்சி ஒன்றுதான். இனி கேமராக்கள் நிறைய வரும். ஒவ்வொரு யூனிட்டும் ஒரு நகம் அளவு எடுத்தால் என்ன ஆகும் என்று பயமாக இருக்கிறது.

ஆரணியிலிருந்து பக்கம்தான். மார்கழி, தை மாதத்தில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஒரு முறை போய் வாருங்கள். கதவு திறந்ததும் முதலில் ராஜகிரி ஏறிவிடுங்கள், ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். அப்பாவுக்கு முட்டி வலி இருந்தால் கீழே வேங்கடரமணர் கோயிலில் உட்காரச் சொல்லுங்கள். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் தூண்கள் செஞ்சியிலிருந்து போனவை என்று சொன்னால், உங்களைவிட அவருக்குத்தான் அங்கே பார்க்க நிறைய இருக்கும்.

அன்புடன்.