பலூன் ஏன் ஒட்டவில்லை? வெள்ளவத்தையில் ஒரு விஞ்ஞான மாலைக்கான குறிப்புகள்

கேள்வி: வெள்ளவத்தையில் மாதம் ஒரு ஞாயிறு பின்னேரம் தமிழில் விஞ்ஞானப் பேச்சும், தரம் 6 முதல் 9 வரையான பிள்ளைகளுக்குச் செய்முறையும் நடத்துகிறோம். 60 பேரளவில் வருவார்கள். அதில் 40 பேர் பிள்ளைகள். சென்ற முறை பலூனைத் தலையில் தேய்த்துச் சுவரில் ஒட்டும் செய்முறை ஒருவருக்கும் சரிவரவில்லை. ஒரே மேசை என்பதால் வரிசையில் நின்றே பாதிப்பேர் சலித்துவிட்டார்கள். அடுத்த முறை என்ன செய்யலாம்? பிறகு வானம் பார்க்கவும் ஆசை. நண்பரிடம் ஒரு சிறு தொலைகாட்டி இருக்கிறது.

பதில்: பிழை பலூனில் இல்லை, காற்றில். கடலோரக் கொழும்பில் சாரீரப்பதன், அதாவது காற்றிலுள்ள ஈரத்தின் அளவு, பெரும்பாலும் 70 சதவீதத்துக்கு மேலேதான் நிற்கும். பலூனின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிய, தேய்த்துச் சேர்த்த மின்னேற்றம் அதன் வழியே கசிந்துவிடும். பிள்ளைகளின் தலையில் எண்ணெய் வேறு. ஏசி போட்டு ஒரு மணி நேரம் மூடிவைத்த அறையில் பலூன் ஒட்டலாம். ஆனால் 60 பேர் கதவைத் திறந்து உள்ளே வந்ததும் பழையபடிதான். யூடியூபில் வரும் நிலைமின் வித்தைகள் பல, வறண்ட குளிர்நாட்டு அறைகளில் எடுத்தவை. அதை விட்டுவிடுங்கள்.

ஈரம் கெடுக்க முடியாத ஒன்று செவ்வரத்தம்பூக் காட்டி, அதாவது அமிலமா மூலமா என்று நிறம் மாறிக் காட்டும் பூச்சாறு. 40 சிவப்புப் பூக்கள் போதும். இதழை மட்டும் கிள்ளி ஒரு சட்டியில் போட்டு, கொதித்த நீர் 2 லீற்றர் ஊற்றி 20 நிமிடம் மூடிவைத்து வடியுங்கள். அடுப்பில் வைத்துக் காய்ச்சாதீர்கள், நிறம் மங்கும். அன்று காலையே செய்வது நல்லது. முதல்நாளே செய்து வெளியே வைத்தால் நம் வெக்கைக்குப் புளிக்கத் தொடங்கும். புளித்தால் அமிலம், அமிலம் வந்தால் காட்டி தானாகவே சிவந்து நிற்கும். பிறகு தேசிக்காய் விட்டு என்ன, விடாமல் என்ன?

இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு தொகுதி. கழுவிய வெள்ளை யோகட் கோப்பை ஐந்து, ஒவ்வொன்றிலும் ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லிலீற்றர் காட்டி. 20 தொகுதிக்கு ஒன்றரை லீற்றர் போகும். மிச்சம் கொட்டிச் சிந்துவதற்கு. கட்டாயம் சிந்தும். ஐந்து கோப்பைக்கும் முறையே தேசிக்காய்ச் சாறு, வினாகிரி, வெறும் தண்ணீர், அப்பச்சோடாக் கரைசல் (அரை லீற்றருக்கு 2 தேக்கரண்டி), உடுப்புச் சவர்க்காரம் கரைத்த நீர். பத்துப் பத்துத் துளி விட்டால் முதல் இரண்டும் இளஞ்சிவப்பாகும், கடைசி இரண்டும் பச்சைப் பக்கம் போகும். நடுவிலுள்ள தண்ணீர்க் கோப்பையை வீண் என்று எடுத்துவிடாதீர்கள். நிறம் மாறியதா, துளி சேர்ந்ததால் ஐதானதா என்று ஒப்பிட அதுதான் இருக்கிறது.

இந்த மேசையில் அடிக்கடி நடக்கும் கோளாறு ஒன்றே ஒன்று: தேசிக்காயில் தோய்த்த ஸ்ட்ரோவையே சோடாவிலும் விடுவது. அமிலமும் மூலமும் (காரமும்) ஒன்றையொன்று நடுநிலையாக்க, ஐந்து கோப்பையும் ஒரே நிறமாகிவிடும். பிள்ளை தனக்கு விஞ்ஞானம் வராது என்று எழும்பிப் போகும். திரவத்துக்கு ஒரு ஸ்ட்ரோ, தலைப்பில் வெவ்வேறு நிற நாடா. மஞ்சள்தூளும் வைக்க விரும்பினால் அதைச் சவர்க்கார நீரோடு காட்டுங்கள். அப்பச்சோடாவின் பிஎச் (அமிலம், மூலம் அளக்கும் எண்; 7 நடுநிலை) 8.3 அளவில்தான் இருக்கும், மஞ்சள் அதற்கு அரைமனதாகத்தான் சிவக்கும். வெற்றிலைச் சுண்ணாம்பு நன்றாகச் சிவக்கவைக்கும், ஆனால் கண்ணில் பட்டால் ஆபத்து. பிள்ளைகள் கையில் வேண்டாம்.

மேசை பத்து, மேசைக்கு நால்வர். வரிசை என்ற பேச்சே இல்லை. இரண்டு மேசைக்கு ஒரு தொண்டர் போதும்; அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கட்டும்.

செய்முறை முதலில், பேச்சு பிறகு. நாலு மணி என்று போட்டால் சனம் நாலரைக்குத்தான் வந்து முடியும், பிந்தி வருபவர் மேசையில் சேர்ந்துகொள்ளலாம், பேச்சில் சேர முடியாது. பேச்சு 20 நிமிடத்தைத் தாண்டவேண்டாம். பேச்சாளரிடம் சொற்களைப் பற்றி முன்பே கதையுங்கள்: நம் பாடநூலில் ஒட்சிசன், காபனீரொட்சைட்டு, இந்திய வீடியோக்களில் ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு, ஆங்கில மொழிமூலப் பிள்ளைக்குப் பாடநூல் சொல் புதிது. ஆங்கிலச் சொல்லோடு மூன்றையும் பலகையில் ஒருமுறை எழுதிவிட்டால் தீர்ந்தது.

இனி வானம். போயா விடுமுறைதானே, முழுநிலவன்று வைப்போம் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். அன்று சூரிய ஒளி நிலவில் நேராக விழுவதால் நிழலே இருக்காது. நிழல் இல்லாவிட்டால் குழிகள் தட்டையான வெள்ளைத் தட்டுப்போலத்தான் தெரியும். போதாததற்கு மாலையில் அது கிழக்கே, காலி வீதிக் கட்டடங்களுக்குப் பின்னால் நிற்கும். வளர்பிறைச் சப்தமி, அட்டமியை ஒட்டிய ஞாயிறு பாருங்கள். சூரியன் மறையும்போதே அரைநிலவு உச்சிக்கருகே நிற்கும், வெளிச்சமும் இருளும் சேரும் கோட்டில் குழிகளின் விளிம்பு கத்திமுனைபோலத் தெரியும். சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேர இடிமழையை நம்பமுடியாது. அந்த மாதங்களில் கொழும்பு 7 ஸ்டான்லி விஜேசுந்தர மாவத்தையில் 1965இல் கட்டிய கோள்மண்டலத்துக்கு (கூரையில் வானத்தைக் காட்டும் அரங்கு) கூட்டிப்போகலாம். திறந்திருக்கிறதா என்று பார்த்து, தமிழ் விளக்கம் வேண்டுமென்று முன்கூட்டியே கேட்டுப் பதியுங்கள்.

தொலைகாட்டியில் ஆளுக்கு 30 செக்கன் என்றால் 60 பேருக்கு அரை மணி நேரம். குறைந்த உருப்பெருக்கத்தையே போடுங்கள், 50 மடங்கு தாராளம். பூமி சுழல்வதால் நிலவு இரண்டு மூன்று நிமிடத்தில் ஓரத்துக்கு நகர்ந்துவிடும், நாலு பேருக்கு ஒருமுறை நடுவுக்குக் கொண்டுவர ஒருவர் பக்கத்தில் நிற்கவேண்டும். சின்னவர்கள் எட்டிப்பார்க்கும்போது பார்வைத்துண்டைப் பிடித்துத் தொங்குவார்கள். பிடிக்க ஒரு கதிரையின் முதுகைத் திருப்பி வைத்துவிடுங்கள்.