மருத்துவர் பதில்கள்: இலவசக் கருத்தடை, கல்லூரி மாணவர்களுக்கும் உண்டா?

ராமநாதபுரம் கடலோரப் பகுதி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு மகப்பேறு, குடும்ப நல மருத்துவர்கள் இந்த இதழில் பதில் சொல்கிறார்கள். கேட்டவர்கள் விருப்பப்படி பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கே: விடுதியில் தங்கி எம்.எஸ்சி. படிக்கிறேன். கருத்தடை மாத்திரை, ஆணுறை எல்லாம் அரசு இலவசமாகத் தருகிறதாமே? கல்யாணம் ஆகாதவர்களுக்கும் கொடுப்பார்களா?
– மாணவி, ராமநாதபுரம்

ப: கொடுக்கலாம். திருமணம் ஆகியிருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. குடும்பக் கட்டுப்பாட்டை 1952-லேயே அரசுத் திட்டமாக்கிய நாடு இது. மத்திய அரசு மொத்தமாக வாங்கி மாநிலங்களுக்கு அனுப்ப, அது ஆரம்ப சுகாதார நிலையம், துணை சுகாதார நிலையம் வரை வந்து சேர்கிறது. நிரோத் ஆணுறை, தினசரி மாத்திரையான மாலா-என், வாரமாத்திரை சாயா, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி, காப்பர்-டி, பாதுகாப்பில்லாத உறவுக்குப் பிறகு போடும் அவசர மாத்திரை ஆகிய ஆறும் இலவசம்.

ஆக, பணம் ஒதுக்கியாகிவிட்டது. சிக்கல் பதிவேட்டில் இருக்கிறது. கிராம சுகாதார செவிலியர் கையில் இருப்பது 'தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு'. யார் வீட்டுக்குப் போவது, யாரிடம் பேசுவது எல்லாம் அதை வைத்துத்தான். கல்யாணம் ஆகாத மாணவிக்கு அதில் வரியே கிடையாது. அதனால் உங்களைத் தேடி யாரும் வரமாட்டார்கள். நீங்கள்தான் போய்க் கேட்க வேண்டும்.

சொந்த ஊர் செவிலியருக்கு உங்கள் அம்மாவைத் தெரியும் என்பதுதான் பலருக்கும் பயம். அப்படியானால் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். காலையில் புறநோயாளி சீட்டு வாங்கும் இடத்தில் 'மகளிர் பிரிவு' என்று சொன்னால் போதும், காரணத்தை அங்கே சொல்லத் தேவையில்லை. மருத்துவரிடம் கடைசி மாதவிடாய் தேதி, மஞ்சள் காமாலை வந்ததுண்டா, ஒற்றைத் தலைவலி உண்டா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். ரத்த அழுத்தம் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். ஆணுறை மட்டும் போதுமென்றால் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் 'நம்பிக்கை மைய'த்திலும் கேட்கலாம். நேரில் போகும் முன் பேசிப் பார்க்க 104 என்ற எண் இருக்கிறது.

முதலாம் ஆண்டு மாணவிகளுக்கு ஒன்று: 18 வயது முடியவில்லை என்றால் நிலைமை வேறு. 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, 18 வயதுக்குக் கீழே உள்ளவருடனான உறவு பற்றித் தெரியவந்தால் மருத்துவர் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், இருவரும் சம்மதித்திருந்தாலும்.

கே: மக்கள் வரிப்பணத்தில் மாணவர்களுக்கு இதையெல்லாம் கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுப்போக நாமே வழி காட்டுவது போலாகாதா?
– ஒரு தகப்பனார், தொண்டி

ப: உங்கள் கவலை புரிகிறது. ஆனால் அவசர மாத்திரையை முன்கூட்டியே கையில் கொடுத்து நடத்திய ஆய்வுகளில், வாங்கிக்கொண்டவர்கள் பாதுகாப்பில்லாத உறவில் அதிகம் ஈடுபட்டதாகத் தெரியவில்லை. பால்வினை நோயும் கூடவில்லை. அதே ஆய்வுகளில் கர்ப்பம் குறைந்ததாகவும் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாத்திரையைக் கையில் கொடுத்தால் மட்டும் போதாது, எப்போது, எப்படி என்று சொல்லித்தர ஆள் வேண்டும். பிரான்ஸ் 2022 ஜனவரி முதல் 25 வயது வரையுள்ள பெண்களுக்கு மருத்துவ ஆலோசனையையும் சேர்த்தே இலவசமாக்கியது. இங்கே பொருள் இருக்கிறது, உட்கார்ந்து பேசும் நேரம்தான் இல்லை. எங்களைக் கேட்டால் அடுத்த ரூபாயை அதற்குச் செலவிடச் சொல்வோம்.

இன்னொன்று: இந்தக் கடலோரத்தில் படிக்கும்போதே கல்யாணமாகும் பெண்கள் உண்டு. 'கல்லூரி மாணவி' என்றால் அவர்களும்தான். அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

கே: பி.காம். இரண்டாம் ஆண்டு. கல்யாணமாகி எட்டு மாதம். கணவர் துபாயில் இருக்கிறார், நோன்புக்கு இரண்டு மாத லீவில் வருகிறார். படிப்பு முடியும்வரை குழந்தை வேண்டாம் என்று இருவரும் நினைக்கிறோம். எது சரிப்படும்?
– கீழக்கரை

ப: இரண்டு மாதத்துக்கு அந்தரா ஊசி வேண்டாம். மாதவிடாய் தாறுமாறாகும், நிறுத்திய பிறகு கரு தங்கக் கடைசி ஊசியிலிருந்து 7 முதல் 10 மாதம் வரை ஆகலாம். சாயா என்றால் முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. அவர் விமானம் ஏறும் நாளில் தொடங்கினால் சரிவராது. பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) இருந்தால் சாயா தருவதில்லை.

உங்களுக்கு ஆணுறை அல்லது மாலா-என் பொருந்தும். மாத்திரையை அவர் வருவதற்கு ஒரு மாதம் முன்பே, மாதவிடாய் தொடங்கிய 5 நாளுக்குள் ஆரம்பியுங்கள். குமட்டல், இடையில் துளி ரத்தம் படுவது போன்ற ஆரம்பத் தொல்லைகள் அதற்குள் அடங்க வாய்ப்புண்டு. அட்டையில் 28 மாத்திரை: 21 ஹார்மோன், மீதி 7 இரும்புச்சத்து. அந்த ஏழு நாளில் மாதவிடாய் வரும். பலர் தவறுவது அதன் பிறகுதான். ரத்தம் நிற்கட்டும் என்று காத்திருக்கிறார்கள். காத்திருக்கவே கூடாது, 28 முடிந்த மறுநாளே புது அட்டை.

ஒரு மாத்திரை மறந்தால் நினைவு வந்ததும் போடுங்கள், ஒரே நாளில் இரண்டானாலும் பரவாயில்லை. இரண்டோ அதற்கு மேலோ விட்டுப்போனால் ஒன்றை உடனே போட்டுவிட்டு மீதியை வழக்கம்போல் தினம் ஒன்றாகத் தொடருங்கள், 7 நாள் ஆணுறையும் சேர்த்து. அது மூன்றாவது வாரமாக இருந்தால் ஹார்மோன் மாத்திரைகள் முடிந்ததும் இரும்பு மாத்திரைகளை விட்டுவிட்டு நேராகப் புது அட்டைக்குப் போய்விடுங்கள். நோன்பு மாதத்தில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று நேரம் வைத்துக்கொள்வது எளிது; சஹருக்கு (விடியலுக்கு முந்தைய சாப்பாட்டுக்கு) எழ மறந்தால் மாத்திரையும் போய்விடும்.

ரத்த அழுத்தம் 140/90-க்கு மேல், கண்ணில் மின்னல் வெட்டுவதுபோல் தோன்றிப் பிறகு வரும் ஒற்றைத் தலைவலி, காலில் ரத்தக் கட்டு வந்தவர்கள், ஈரல் நோய் உள்ளவர்கள் மாலா-என் தொடக்கூடாது.

கே: அரசு தரும் ஆணுறை கிழிந்துவிடும் என்கிறார்கள். கடையில் வாங்குவதுதான் நல்லதா?
– மாணவர், ராமேஸ்வரம்

ப: தரக் கட்டுப்பாடு இரண்டுக்கும் ஒன்றுதான். 1968 முதல் நிரோத் விநியோகத்தில் இருக்கிறது. பெரும்பாலும் கிழிவது பொருளின் குறையால் அல்ல, வைத்த இடத்தாலும் போட்ட விதத்தாலும். வெயிலில் நிற்கும் ஸ்கூட்டரின் சீட்டுக்கு அடியில், பின்பாக்கெட் பர்ஸில் வாரக்கணக்கில் கிடந்தால் ரப்பர் வலுவிழக்கும். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், வாஸலின் மூன்றும் சில நிமிடத்திலேயே லேடக்ஸைக் கெடுத்துவிடும். வழுவழுப்பு வேண்டுமென்றால் நீர் சார்ந்த ஜெல்தான். நுனியைக் கிள்ளிக் காற்றை வெளியேற்றாமல் மாட்டுவது அடுத்த காரணம். பல்லால் உறையைக் கிழிக்காதீர்கள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு போடுவது பாதுகாப்பல்ல, உரசியே கிழியும்.

கே: அவசர மாத்திரையை மெடிக்கலில் கேட்டால் 'ஸ்டாக் இல்லை' என்றே சொல்கிறார்கள். தடை செய்துவிட்டார்களா?
– உச்சிப்புளி

ப: நாட்டுச் சட்டப்படி மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடிய மருந்துதான். ஆனாலும் தமிழ்நாட்டில் பெரும்பாலான கடைகள் வைப்பதில்லை. கடை கடையாக அலைந்து நேரத்தைத் தொலைக்காமல் நேரே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், ஒரே வேளை, 72 மணி நேரத்துக்குள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். விழுங்கிய 2 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி ஒன்று. 5 நாளுக்குள் காப்பர்-டி போடுவது இதைவிட உறுதியானது.

இது கருக்கலைப்பு மாத்திரை அல்ல. கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். மாதவிடாய் ஒரு வாரத்துக்கு மேல் தள்ளினால் 'நிஸ்சய்' சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டை சுகாதார நிலையத்தில் இலவசம். கரு உறுதியானால் யாரோ கொடுத்த மாத்திரையை விழுங்காதீர்கள். கருக்கலைப்புக்கு, 18 வயது முடிந்த பெண் என்றால் அவளுடைய சம்மதம் மட்டும் போதும், பெற்றோர் கையெழுத்து வேண்டியதில்லை. கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தம் 'கணவர்' என்று இருந்த இடத்தில் 'துணைவர்' என்று மாற்றியது. கல்யாணமாகாதவர்களைப் பிரித்துப் பார்க்கக்கூடாது என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. அடையாளத்தை வெளியிடுவது குற்றம்.

கே: டி.பி. மருந்து சாப்பிடுகிறேன். மாலா-என் போடலாமா?
– மண்டபம்

ப: கூடாது. டி.பி. மருந்தில் உள்ள ரிஃபாம்பிசின், மாத்திரையின் ஹார்மோனை ஈரல் வேகமாகக் கரைத்துவிடச் செய்யும். வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமாஸெபைனும் அப்படித்தான். சாயாவும் உங்களுக்கு வேண்டாம். ஆணுறையோ அந்தரா ஊசியோ பொருந்தும். டி.பி. சிகிச்சை முடிந்தபின்னும் 4 வாரம் கழித்தே மாத்திரைக்கு மாறுங்கள்.