கோடையில் ஒரு மாதம் ஸ்பெயின் போய்ப் படித்தால் ஸ்பானிஷ் பேச வருமா?

ஆன்லைன் வகுப்பே இவ்வளவு மலிவாகக் கிடைக்கும்போது, ஒரு மாதக் கோடை வகுப்புக்காக ஸ்பெயின் வரை போகத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏ2 அளவுக்கு (ஐரோப்பிய மொழி அளவுகோலில் இரண்டாம் படி, எளிய பேச்சுக்குப் போதுமானது) தெரியும், வாய்தான் திறக்க மாட்டேன் என்கிறது என்றால் தாராளமாகப் போங்கள். வணக்கம் சொல்லும் ‘ஓலா’ தவிர ஒன்றும் தெரியாது என்றால் இந்த வருடம் வேண்டாம். வினைச்சொல் அட்டவணைகளை மனப்பாடம் செய்வதற்கு யூரோவில் செலவழிக்க வேண்டியதில்லை.

நான் போனது சாலமாங்காவுக்கு, ஜூலையில். மத்ரித்திலிருந்து பேருந்தில் இரண்டரை மணி நேரம். 1218-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் இருக்கும் ஊர். வெளிநாட்டவருக்கான கோடை வகுப்புகளை 1929-இலிருந்து நடத்துகிறார்கள். 1492-இல் ஸ்பானிஷ் மொழிக்கு முதல் அச்சு இலக்கணம் எழுதிய நெப்ரிஹா படித்ததும் பாடம் நடத்தியதும் இங்கேதான். இதையெல்லாம் சொல்லி, ‘சுத்தமான ஸ்பானிஷ் பேசும் ஊர்’ என்று விளம்பரம் செய்வார்கள். நான் அதைப் பார்த்துப் போகவில்லை. மெக்சிகோக்காரரும் கியூபாக்காரரும் பேசுவது அசுத்தமா என்ன? சின்ன ஊர், எங்கே போனாலும் நடந்தே போய்விடலாம், அதனால்தான் தேர்ந்தெடுத்தேன்.

வகுப்பு பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காலையில் சில மணி நேரம், நல்ல ஆசிரியர்கள், கொஞ்சம் இலக்கணம், கொஞ்சம் உரையாடல். இதே தரத்தில் ஆன்லைனிலும் கிடைக்கும். சிக்கல் இடைவேளையில்தான். உள்ளூர்ப் பல்கலைக்கழக மாணவர்கள் கோடைக்கு ஊருக்குப் போய்விடுவார்கள். மிஞ்சுவது அமெரிக்கா, ஜெர்மனி, கொரியா என்று பல நாட்டு மாணவர்கள். காபி கையில் வந்ததும் எல்லோரும் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார்கள். சாயங்காலமும் அதே கூட்டத்தோடு சுற்றினால், ஒரு மாதம் முடியும்போது உங்கள் ஆங்கிலம்தான் முன்னேறியிருக்கும்.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் இருக்கும் மிடில்பரி கல்லூரியின் கோடைக்கால மொழிப் பள்ளியில், படிக்கிற மொழியைத் தவிர வேறு எதிலும் பேச மாட்டேன் என்று எழுத்திலேயே உறுதிமொழி வாங்குகிறார்கள். அங்கே ஊர் முழுக்க ஆங்கிலம், ஆனாலும் வேலை நடக்கிறது. வேறு மொழிக்கு ஓட வழியில்லாமல் மாட்டிக்கொள்வதுதான் முக்கியம், விமானம் ஏறுவது அப்புறம்தான்.

எனக்கு அந்த மாட்டல் கிடைத்தது தங்கியிருந்த வீட்டில். விடுதியோ தனி அறையோ எடுக்காதீர்கள், குடும்பத்தோடு தங்குங்கள், மூன்று வேளைச் சாப்பாடும் சேர்த்து. என் வீட்டுக்காரம்மா ஓய்வுபெற்றவர், ஆங்கிலம் ஒரு சொல்கூடத் தெரியாது. முதல் நாளே மரியாதையாக ‘உஸ்தெத்’ (நீங்கள்) போட்டுப் பேசினேன். நம் பழக்கம், வயதானவரை எப்படி நீ என்பது? அவரோ சிரித்துக்கொண்டே ‘தூ’ (நீ) என்றே கூப்பிடச் சொன்னார். எனக்கு அது பழகவே நாளானது.

அங்கே மதியச் சாப்பாடு இரண்டரைக்கு மேல்தான், இரவுச் சாப்பாடு ஒன்பதரைக்கு. ஜூலையில் அந்த நேரத்திலும் வெளிச்சம் இருக்கும். முதலில் பருப்போ சூப்போ, அப்புறம் முக்கிய உணவு, கடைசியில் பழம், நடுவில் ரொட்டி. தொலைக்காட்சியில் செய்தி ஓடும், அவர் அதைத் திட்டிக்கொண்டே சாப்பிடுவார், நடுவில் என் அபிப்பிராயம் கேட்பார். பதில் சொல்லியே ஆக வேண்டும். கடந்த காலத்தைத் தப்பாகச் சொன்னால் கரண்டியை நிறுத்திவிட்டுத் திருத்துவார், அப்புறம் பேச்சு தொடரும். இறந்த காலத்தின் இரண்டு வடிவங்களில் எதை எங்கே போடுவது என்பது எந்தப் புத்தகத்திலும் பிடிபடாமல், அந்தச் சாப்பாட்டு மேசையில்தான் பிடிபட்டது.

சைவம் என்றால் ஒரு எச்சரிக்கை. ‘கார்னே’ (இறைச்சி) வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மாட்டிறைச்சி போல எதையோ மட்டும் தவிர்ப்பதாக எடுத்துக்கொண்டு, ஹாம் தூவிய சாலட்டைக் கொடுப்பார்கள். பருப்பிலும் சொரீசோ என்கிற பன்றித் தொத்திறைச்சித் துண்டு மிதக்கும். ‘நோ கோமோ கார்னே, நி ஹமோன், நி பெஸ்காதோ’ என்று இறைச்சி, ஹாம், மீன் மூன்றையும் பெயர் சொல்லி மறுங்கள். உருளைக்கிழங்கு முட்டை தோர்தியா பெரும்பாலும் காப்பாற்றும். முட்டையும் சாப்பிட மாட்டீர்கள் என்றால் விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள்.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இந்த மொழியில் சில சலுகைகள் உண்டு, யாரும் சொல்வதில்லை. ‘நாதா’ (ஒன்றுமில்லை) என்பதில் வரும் த நம் ‘அது’வில் வருகிற த மாதிரியே இளகி ஒலிக்கும். க, த, ப மூன்றிலும் ஆங்கிலேயர் மாதிரி காற்றை ஊதக் கூடாது, நமக்கு அது இயல்பாகவே வரும். ர, ற இரண்டையும் பிரித்துச் சொல்லிப் பழகியவர்களுக்கு ‘பெரோ’ (ஆனால்), ‘பெர்ரோ’ (நாய்) வித்தியாசமும் எளிது. ‘மே குஸ்தா’ என்கிற அமைப்பில் என் அமெரிக்க வகுப்புத் தோழர்கள் தவித்தார்கள். ‘எனக்குப் பிடிக்கும்’ என்றே பேசி வளர்ந்த எனக்கு அதில் விளக்க என்ன இருக்கிறது என்றே புரியவில்லை. விருப்பம், சந்தேகம் போன்றவற்றைச் சொல்லும்போது வரும் சப்ஜங்டிவ் என்கிற வினை வடிவம் மட்டும் எல்லோரையும் சமமாகப் படுத்தும்.

ஊர் தேர்வுக்கு வருவோம். பார்சிலோனா அழகான நகரம்தான், ஆனால் தெருவில் கத்தலான் மொழியும் சுற்றுலாப் பயணிகளின் ஆங்கிலமும் கலந்து ஓடும், படிக்கப் போகிறவருக்கு இரண்டும் இடைஞ்சல். தெற்கே இருக்கும் செவில்யாவில் கோடை வெயில் 40 டிகிரியைத் தாண்டும், அங்கே சொல்லின் கடைசி ‘ஸ்’ஸையும் விழுங்கிவிடுவார்கள். பழகினால் இனிமை, தொடக்கத்தில் திண்டாட்டம். ஆகஸ்ட்டில் ஸ்பானியர்களே விடுமுறைக்குப் போய், பல கடைகள் மூடியிருக்கும். ஜூலைதான் என் ஓட்டு.

பணம் உதைக்கிறது என்றால் குவாத்தமாலாவின் ஆன்டிகுவாவைப் பாருங்கள். ஆசிரியருக்கு ஒரே மாணவர் என்ற முறையில் நடக்கும் வகுப்பும் குடும்பத்தோடு தங்குவதும் அங்கே ஸ்பெயினைவிட மலிவு. வகுப்பில் தோழர்களே இல்லாததால் ஆங்கிலத்துக்குத் தாவும் வாய்ப்பும் குறைவு. விமானக் கட்டணத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

விசா பற்றியும் கேட்டிருந்தீர்கள். 90 நாளுக்குள் என்றால் ஷெங்கன் குறுகிய கால விசா போதும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கோடையில் விண்ணப்பம் கொடுக்க நேரம் ஒதுக்கிக் கிடைப்பது கஷ்டம் என்பதால் முன்கூட்டியே முயலுங்கள். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். வேலைக்கோ மேற்படிப்புக்கோ சான்றிதழ் வேண்டுமென்றால் வகுப்பு முடிவில் தரும் காகிதத்தை நம்பாமல், ஸ்பெயினின் செர்வாந்தேஸ் நிறுவனம் நடத்தும் டெலே என்கிற ஸ்பானிஷ் தேர்வை எழுதுங்கள். அதற்குக் காலாவதி கிடையாது, அதே நிறுவனம் சில பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து நடத்தும் சியேலே தேர்வின் முடிவுகள் ஐந்து வருடம் மட்டும் செல்லும்.

பணம் கட்டுவதற்கு முன் பள்ளியிடம் ஒரு கேள்வியைக் கண்டிப்பாகக் கேளுங்கள்: அதே வீட்டில் வேறு வெளிநாட்டு மாணவர்கள் தங்குவார்களா? ஆம் என்றால், உங்கள் தாய்மொழியோ ஆங்கிலமோ தெரிந்தவர்கள் இல்லாத வீடாக மாற்றித் தரச் சொல்லுங்கள். மாற்ற மாட்டோம் என்றால் வேறு பள்ளி பாருங்கள்.