பொன்னியின் செல்வன் படித்துவிட்டுத் தொல்லியல் படிக்கப் போகிறேன் என்கிறாள்

வணக்கம் அம்மா. பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்த மகள், ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகத்தையும் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு வரலாறும் தொல்லியலும்தான் படிப்பேன் என்று நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கவலை புரிகிறது. புத்தகத்தை மட்டும் பிடுங்கி வைத்துவிடாதீர்கள். அவளுக்கு எதில் மனம் ஒட்டுகிறது என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்லும் தேர்வு எதுவும் என்னிடம் இல்லை.

எந்தப் பக்கங்களை மறுபடி மறுபடி புரட்டுகிறாள் என்று பாருங்கள். வந்தியத்தேவனின் பேச்சும் துடுக்கும் என்றால் எழுத்து, இதழியல் பக்கம் போகலாம். முதலமைச்சர் அநிருத்தரின் ராஜதந்திரம் என்றால் சட்டமோ அரசியல் அறிவியலோ பொருந்தும். ‘ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனை உண்மையில் கொன்றது யார்?’ என்று உங்களை நச்சரிக்கிறாள் என்றால், அது ஆய்வாளருக்கு வரும் கேள்வி.

அப்படியானால் ஒரு நாள் காட்டுமன்னார்கோவில் பக்கம் உடையார்குடிக்குக் கூட்டிப்போங்கள். அந்தக் கொலைக்காக ரவிதாசன் முதலானோரின் சொத்துகள் பறிக்கப்பட்டதைச் சொல்லும் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு அங்குள்ள அனந்தீசுவரர் கோயிலில்தான் இருக்கிறது. அதற்கு என்ன பொருள் என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அப்புறம் நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாற்றைக் கையில் கொடுங்கள். குந்தவையும் பூங்குழலியும் பேசாத அந்தப் பக்கங்களையும் அவள் விடாமல் படித்தால், ஆர்வம் கதையைத் தாண்டிவிட்டது என்று நம்பலாம்.

வேலை விஷயத்தை மறைக்காமல் சொல்கிறேன். இந்தியத் தொல்லியல் துறையிலும் மாநிலத் தொல்லியல் துறையிலும் பணியிடங்கள் குறைவு, போட்டி அதிகம். முதுகலை இல்லாமல் பெரும்பாலும் நகர முடியாது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியலுக்கும் தொல்லியலுக்கும் தனித் துறையே இருக்கிறது. புனே டெக்கான் கல்லூரியில் வேறு பாடத்தில் பட்டம் பெற்றவர்களும் தொல்லியல் முதுகலை சேரலாம். அதனால் பிளஸ் ஒன்னில் அறிவியல் பிரிவு எடுத்தாலும் இந்தக் கதவு மூடிவிடாது. காலக்கணிப்பு, பழம்பொருள் பாதுகாப்பு இரண்டுக்கும் வேதியியல் வேண்டும். அறிவியல் அவளுக்குக் கசக்கவில்லை என்றால் அதையே எடுக்கச் சொல்வேன். கசந்தால் வற்புறுத்தாதீர்கள், வரலாறு உள்ள பிரிவில் சேருங்கள்.

ஐராவதம் மகாதேவனைப் பற்றி அவளிடம் சொல்லுங்கள். சட்டம் படித்து 1954இல் ஐ.ஏ.எஸ். ஆனவர். அரசுப் பணியில் இருந்துகொண்டே கரூர் பக்கத்துப் புகளூர்க் கல்வெட்டில் சேர மன்னர்களின் பெயர்களைப் படித்துக் காட்டினார். 1977இல் சிந்துவெளி எழுத்துகளுக்கான தொகுப்பை வெளியிட்டார். சம்பளத்துக்கு ஒரு வேலை, மனதுக்கு ஒரு ஆய்வு என்று இரண்டையும் சேர்த்தே நடத்தியவர் அவர். குடிமைப் பணித் தேர்வில் வரலாற்றை விருப்பப் பாடமாகவும் எடுக்கலாம் என்பதால் இந்த வழி அவளுக்கும் திறந்தே இருக்கிறது.

பிரிவைத் தேர்ந்தெடுக்க இன்னும் சில வாரம் இருக்கிறது. உடையார்குடிக்கு அதற்குள் போய்விட்டு வாருங்கள், அவள் அங்கே என்ன கேட்டாள் என்று எனக்கு எழுதுங்கள். பிரிவை அப்புறம் முடிவு செய்யலாம்.