தூணில் உரசும் ஸ்கூட்டி

நான்கு வருடமாக மூக்கும் விரலும் பாதமும் பெருக்கின்றன, குரல் கட்டையாகிறது, மூட்டும் படுத்துகிறது, கூகுளில் தேடினால் குருத்தெலும்புப் புற்றுநோய் என்கிறது என்று பயந்து எழுதியிருக்கிறீர்கள். கூகுள் கிளப்பிய அந்தப் பயத்தை முதலில் இறக்கி வையுங்கள். குருத்தெலும்புப் புற்றுநோய் ஓரிடத்தில் கட்டியாக வரும். மூக்கு, விரல், பாதம், குரல் என்று நான்கு வருடமாக எல்லாவற்றையும் சேர்த்துப் பெருக்காது. நீங்கள் சொல்லும் முடி கொட்டுவதும் வாயுத் தொல்லையும் இப்போதைக்கு ஓரமாக இருக்கட்டும்.

கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "ஸ்கூட்டியை உள்ளே ஏற்றும்போது அடிக்கடி தூணில் உரசிவிடுகிறேன்." என்னை உறுத்துவது அதுதான். நேர்ப் பார்வை நன்றாக இருக்கும்போதே பக்கப் பார்வை குறையலாம், நமக்கே தெரியாது.

41 வயதில் செருப்பு 6-லிருந்து 8 ஆகி, மோதிரம் கழலாமல், குரலும் கட்டையானால் நான் சந்தேகிப்பது அக்ரோமெகலி. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் வரும் கட்டி, வளர்ச்சி ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரக்கும். கட்டி பெரிதானால் மேலே போகும் பார்வை நரம்பை அழுத்தும். பெரும்பாலும் இது புற்றுநோய் அல்ல.

அந்த ஹார்மோன் கல்லீரலைத் தூண்டி ஐ.ஜி.எஃப்-1 என்ற பொருளைக் கூட்டும். அது குருத்தெலும்புச் செல்களைப் பெருக்கும். உங்கள் வயதில் எலும்பு நீள வழியில்லை. அதனால் மூக்கு, குரல்வளை, மூட்டு எல்லாம் தடிக்கும். முழங்கால் எக்ஸ்ரேயில் "இடைவெளி நன்றாக இருக்கிறது" என்றார்களா? சாதாரணத் தேய்மானத்தில் இடைவெளி குறையும், இதில் ஆரம்பத்தில் கூடும். தடித்த குருத்தெலும்பு உறுதியானதல்ல. பின்னால் வெடித்து அரைபடும். அந்தச் சேதம் திரும்பாது. இதற்குப் போய் ஒரு வருடமாக நீங்களாகவே குளுக்கோசமைன் என்ற மூட்டு மாத்திரையை விழுங்கியிருக்கிறீர்கள்! நிறுத்துங்கள். ஹார்மோன் கட்டுப்படாமல் எந்த மூட்டு மாத்திரையும் இதைத் தடுக்காது.

இந்த வாரமே கண் மருத்துவரிடம் பக்கப் பார்வையை அளக்கும் 'ஃபீல்டு டெஸ்ட்' செய்யுங்கள். அதுவரை ஸ்கூட்டி வேண்டாம். ஹார்மோன் மருத்துவரிடம் போய் ஐ.ஜி.எஃப்-1 ரத்தப் பரிசோதனை கேளுங்கள், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சேர்த்து. ஐ.ஜி.எஃப்-1 கூடியிருந்தால் அடுத்தது எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் மூக்கு வழியாகவே கட்டியை எடுத்துவிடலாம், மண்டையைத் திறக்க வேண்டியதில்லை. மிச்சம் இருந்தால் ஊசி இருக்கிறது.

திடீரென்று மண்டை பிளக்கும் வலியோடு பார்வை மங்கினால் மட்டும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், அப்போதே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது முகம் எவ்வளவு மாறியிருக்கிறது என்று அவர் ஒப்பிட்டுப் பார்க்க, பத்து வருடம் முந்தைய போட்டோ ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். கல்யாண ஆல்பம் போதும்.